எத்தனை கேமரா என்று கேட்காதீர்கள், எத்தனை நாள் என்று கேளுங்கள்

மேற்கு தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டில் ஒரு நடை போய்ப் பாருங்கள். நகைக்கடை, மெடிக்கல் ஷாப், கல்யாண மண்டபம், ஸ்கூல், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எல்லா வாசலிலும் ஒரு கேமரா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கூடவே ஒரு போர்டு: "இந்த இடம் சிசிடிவி கண்காணிப்பில் உள்ளது." சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பம்மல், எங்கே போனாலும் இதே காட்சிதான்.

இது ஒரே நாளில் வந்ததில்லை. ஏ.கே. விசுவநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்தபோது "மூன்றாவது கண்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்பது லட்சியம். கடைக்காரர்கள், குடியிருப்போர் சங்கங்கள் எல்லாரும் கைக்காசு போட்டு மாட்டினார்கள். சில வருஷம் கழித்து ஒரு வெளிநாட்டு நிறுவனம் உலக நகரங்களை வரிசைப்படுத்தியபோது, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று சென்னையை முதலிடத்தில் வைத்தது. நாமும் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

எனக்கு இதில் ஒரே ஒரு மனக்குறை. எத்தனை கேமரா என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பதிவு செய்தது எத்தனை நாள் தங்கும் என்று யாரும் சொல்வதில்லை. கேட்டால் சங்கத்து செக்ரட்டரிக்கே தெரியாது. "அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு சார்" என்பார். கேமரா வெறும் கண். நாளைக்கு நமக்கு வேண்டியது ஞாபகம். அந்த ஞாபகம் இருப்பது படிக்கட்டுக்கு அடியிலோ வாட்ச்மேன் ரூமிலோ தூசி படிந்து கிடக்கும் ஒரு பெட்டிக்குள், அதன் ஹார்ட் டிஸ்க்கில். அதை யார் வாங்கினார்கள், எப்படி அமைத்தார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதை டெக்னீஷியன் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

நம் பக்கத்து சங்கதி ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தெரிந்தவர் ஒருவர் குடியிருக்கும் ஃப்ளாட்டில் எட்டு கேமரா. அவரும் அவர் வீட்டம்மாவும் பத்து நாள் காசிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைக் காணோம். போலீஸில் புகார் கொடுத்தார்கள். வந்தவர்கள் முதலில் கேட்டது கேமரா பதிவை. டிவிஆரைத் திறந்து பார்த்தால் கடைசி ஆறு நாள்தான் இருந்தது. வண்டி அதற்கு முன்னாலேயே போய்விட்டிருக்கிறது. எட்டு கேமராவும் நன்றாக வேலை செய்தன. திருடனும் நிச்சயம் அதில் விழுந்திருப்பான். ஆனால் அதன்மேல் அடுத்த வாரத்துப் பால்காரரும் பேப்பர்காரரும் பதிவாகிவிட்டார்கள்.

ஏன் ஆறு நாள்? இதற்குப் பெரிய இன்ஜினியரிங் படிப்பு ஒன்றும் வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு கேமரா அனுப்பும் படத்தின் அளவை "எம்பிபிஎஸ்" என்று சொல்வார்கள், அதாவது விநாடிக்கு இத்தனை மெகாபிட். டாக்டர் படிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு எம்பிபிஎஸ் என்றால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மீதியெல்லாம் தானே வந்துவிடும். சாதாரணமாக வாசல் கேமரா ஒன்று 2 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. எட்டு கேமரா என்றால் 172.8 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க் என்பது ஆயிரம் ஜிபி. ஆயிரத்தை 172.8ஆல் வகுத்தால் ஆறு நாள்கூட முழுசாக வராது. அந்த ஃப்ளாட்டில் இருந்தது ஒரு டெராபைட் டிஸ்க்தான். கோட்டேஷனிலேயே அப்படித்தான் எழுதியிருந்ததாம். கேமரா எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் அந்த வரியைப் பார்க்கவில்லை.

டிஸ்க் நிறைந்ததும் டிவிஆர் என்ன செய்யும்? இரண்டே வழிதான். ஒன்று, பதிவை நிறுத்திவிடும். இரண்டு, பழையதை அழித்து அதன்மேல் எழுதும். இரண்டாவதை "ஓவர்ரைட்" என்பார்கள். நம் காலத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி. கடைசி மூலை வரை எழுதியாகிவிட்டால் வாத்தியார் மேலிருந்து அழித்துக்கொண்டே வருவார். வீட்டுக்கும் ஃப்ளாட்டுக்கும் இந்த முறைதான் சரி. பதிவை நிறுத்தச் சொல்லி வைத்தால் டிஸ்க் நிறைந்த அன்றைக்கே கேமரா குருடாகிவிடும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

இவை தவிர மூன்றாவதாக ஒரு செட்டிங்கும் பல டிவிஆர்களில் உண்டு. டிஸ்க்கில் இடம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இத்தனை நாளுக்கு மேல் பழைய பதிவு எதுவும் வேண்டாம், அழித்துவிடு என்று சொல்லி வைக்கலாம். முப்பது என்று போட்டால் முப்பது நாள். ஒன்று என்று போட்டால் ஒரே நாள். இது ஏதோ சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாடே அதிர்ந்துபோன ஒரு வழக்கில் டிஸ்க்கின் செட்டிங் என்ன என்பதுதான் ஒரு முக்கியக் கேள்வியாக வந்து நின்றது.

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். 2020 ஜூன் 19, கொரோனா ஊரடங்கு காலம். மொபைல் கடையை நேரம் கடந்து திறந்து வைத்திருந்ததாக ஜெயராஜ் என்ற வியாபாரியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே போன அவர் மகன் பென்னிக்ஸும் அங்கே மாட்டிக்கொண்டார். ஜூன் 22 இரவு மகனும், 23ஆம் தேதி காலை அப்பாவும் இறந்துபோனார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் ஸ்டேஷனுக்கே போய் விசாரித்தார்.

அவர் மதுரைக் கிளைக்குக் கொடுத்த அறிக்கையில் இருந்த ஒரு விஷயம் அப்போது பேப்பர்களில் வந்தது. ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க் இருந்தது, ஒரு டெராபைட், போதுமான இடமும் இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி செட்டிங் இருந்தது. ஜூன் 19லிருந்து வேண்டிய பதிவு எதுவும் கிடைக்கவில்லை.

மேலே போட்ட கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டெராபைட்டில் நாலு கேமராவுக்குப் பதினோரு நாள் தங்கும். எட்டு கேமராவுக்கு ஆறு நாளுக்குச் சற்றே குறைவு. அங்கே தங்கியது ஒரு நாள். அந்த செட்டிங்கை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்பதெல்லாம் விசாரணையின் வேலை, நான் அதில் தலையிடவில்லை. நான் சொல்ல வருவது வேறு. கேமரா மாட்டியாயிற்று என்று கணக்கில் காட்டலாம், டிஸ்க் வாங்கியாயிற்று என்று பில்லும் காட்டலாம், ஆனாலும் வேண்டிய அன்றைக்கு ஒன்றுமே இல்லாமல் போகலாம். மெனுவில் ஒரு எண் போதும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைது செய்யப் போனபோது அப்பாவும் மகனும் தரையில் விழுந்து புரண்டதால்தான் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். கடைப் பக்கத்துக் கேமரா ஒன்றின் பதிவு டிவிகளில் வெளியானது. அதில் அப்படி யாரும் புரளவே இல்லை. அரசாங்கக் கட்டடத்தின் கேமரா மறந்துபோனதை ஒரு கடைத்தெருக் கேமரா ஞாபகம் வைத்திருந்தது.

நம் பீச் - தாம்பரம் ரயில் பாதையிலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்கும் அந்த ஸ்டேஷனில் ஒரு கேமராகூட இல்லை. போலீஸ் தேடி எடுத்தது அக்கம்பக்கத்து வீடுகளிலும் கட்டடங்களிலும் இருந்த பதிவுகளைத்தான். அதனால்தான் நம் வீட்டு வாசல் டிவிஆர் நமக்கு மட்டும் உரியது என்று நான் நினைப்பதில்லை. யாரோ ஒருவருக்கு என்றைக்கோ ஒரு நாள் அதுதான் ஒரே சாட்சியாக இருக்கலாம்.

சாத்தான்குளம் சம்பவம் நடந்த அதே வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி என்ற பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. நீதிபதி நாரிமன் தலைமையில் மூன்று பேர் அமர்வு. நாட்டில் உள்ள எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை என்று ஓர் இடம் விடக் கூடாது, படத்தோடு சத்தமும் பதிவாக வேண்டும் என்றார்கள். அதோடு விடவில்லை. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், கடையில் அந்த அளவுக்கு வசதியுள்ள கருவி கிடைக்காவிட்டால் கிடைப்பதிலேயே அதிகபட்சத்தை வாங்க வேண்டும், எப்படியிருந்தாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று சொன்னார்கள். கேமராவைப் பராமரிப்பது, பதிவைப் பத்திரப்படுத்துவது, பழுதானால் சொல்லிச் சரி செய்வது எல்லாவற்றுக்கும் அந்த ஸ்டேஷனின் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு என்றும் எழுதினார்கள்.

18 மாதம் என்றால் எவ்வளவு டிஸ்க் வேண்டும்? பன்னிரண்டு கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 259 ஜிபி. 18 மாதம் என்பது சுமார் 548 நாள். பெருக்கினால் 142 டெராபைட். ஒரு டெராபைட் டிஸ்க்கை மாட்டிவிட்டு "தீர்ப்புப்படி கேமரா போட்டாயிற்று" என்று சொன்னால், டம்ளரை வைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரியைப் பிடித்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரிதான். 2025 செப்டம்பரில் போலீஸ் ஸ்டேஷன்களில் வேலை செய்யாத கேமராக்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஐந்து வருஷம் ஆகியும் விஷயம் அந்த நிலையில்தான் இருக்கிறது.

"இவ்வளவு செலவு செய்ய முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பல வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வங்கிப் பதிவேடுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று 1985ல் மத்திய அரசு விதி போட்டது. சில பதிவேடு 5 வருஷம், சில 8 வருஷம். அந்த வவுச்சர் மூட்டைகளுக்காக ஒரு அறையே ஒதுக்கினோம். கரையான் மருந்து அடித்தோம். எந்த மூட்டையை எந்த வருஷம் அழித்தோம் என்பதற்கு ஒரு ரிஜிஸ்டர், அதில் இரண்டு பேர் கையெழுத்து. இடம் இல்லை, செலவு ஆகிறது என்று எந்த மேனேஜரும் வவுச்சரைத் தினமும் சாயங்காலம் கொளுத்தியதில்லை. ஒரு மனுஷனின் சேமிப்புக் கணக்குக்கு அவ்வளவு மரியாதை என்றால், ஒரு மனுஷனின் உடம்புக்கும் உயிருக்கும் எவ்வளவு வேண்டும்?

வங்கியில் கற்ற இன்னொரு பாடம், வைத்திருப்பதற்கும் அழிப்பதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்பது. "தானாக அழிந்துவிட்டது" என்று எந்த வவுச்சரைப் பற்றியும் சொல்ல முடியாது. டிவிஆரில் மட்டும் அதைச் சொல்ல விடுகிறோம். செட்டிங் தானாக வந்து உட்காராது. யாரோ ஒருவர் வைத்ததுதான், அல்லது கம்பெனி வைத்து அனுப்பியதை யாரோ ஒருவர் மாற்றாமல் விட்டதுதான்.

சரி, அரசாங்கத்தை விடுங்கள். நம் ஃப்ளாட்டில், நம் தெருவில் நாம் என்ன செய்யலாம்? ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் நாமே பேரம் பேச வேண்டியதில்லை. ஆனால் வருகிற டெக்னீஷியனிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நாளை முடிவு செய்யுங்கள், பிறகு டிஸ்க். குடியிருப்புக்கு முப்பது நாள் போதும் என்பது என் அபிப்பிராயம். நம் வயதுக்காரர்கள் பெங்களூரில் மகள் வீட்டுக்கோ, யாத்திரைக்கோ போனால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடுகிறோம். வந்து பார்த்துப் புகார் கொடுக்க ஒரு வாரம். எட்டு கேமரா, 2 எம்பிபிஎஸ், முப்பது நாள் என்றால் 5.2 டெராபைட். ஆறு டெராபைட் டிஸ்க் வேண்டும். எச்.265 என்ற புது முறையில் படத்தைச் சுருக்கும் டிவிஆரும் கேமராவும் இருந்தால் கிட்டத்தட்ட பாதி அளவே போதும், நாலு டெராபைட்டில் முடிந்துவிடும். டிஸ்க்கை வாங்கி மாட்டியதும் டிவிஆரில் ஆயிரத்துக்கு 931 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் அளக்கும் படி வேறு, இது அளக்கும் படி வேறு, சரக்கு ஒன்றுதான்.

இரண்டாவது, டிஸ்க்கின் ஜாதகம். பேரனின் பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய டிஸ்க்கைச் சிலர் மாட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு இராத்திரி ஓய்வு உண்டு. டிவிஆர் டிஸ்க் 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நம் எட்டு கேமரா ஒரு வருஷத்தில் எழுதுவது சுமார் 63 டெராபைட். சீகேட் கம்பெனி தன் கம்ப்யூட்டர் டிஸ்க்கான பாரகுடாவுக்கு வருஷம் 55 டெராபைட் வேலை என்று கணக்கு வைத்திருக்கிறது. அதே கம்பெனி கேமராவுக்கென்று செய்யும் ஸ்கைஹாக் டிஸ்க்குக்கு 180. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்பிள் டிஸ்க்கும் இந்த வகைதான். இன்னொரு வித்தியாசமும் உண்டு. எங்காவது ஓர் எழுத்துப் பிழை வந்தால் கம்ப்யூட்டர் டிஸ்க் அதைச் சரி செய்யத் திரும்பத் திரும்ப முயன்று நின்றுவிடும். உங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் ஓர் எழுத்து தப்பக் கூடாது, அதனால் அது நியாயம். கேமரா டிஸ்க் ஒரு புள்ளி போனால் போகட்டும் என்று மேலே போய்விடும். நின்று யோசித்தால் அந்த நேரத்துப் படமே போய்விடுமே. விலை வித்தியாசம் பெரிதில்லை. பில்லில் டிஸ்க்கின் பெயரும் மாடலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, அசைவு வந்தால் மட்டும் பதிவு செய் என்ற செட்டிங். இடம் மிச்சமாகும் என்று டெக்னீஷியன்கள் இதைப் போட்டுக் கொடுப்பார்கள். மரம் ஆடினால் பதிவாகும், இருட்டில் மெதுவாகப் போகிறவன் விட்டுப்போகலாம். வாசலுக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் முழு நேரப் பதிவு வையுங்கள். மொட்டை மாடிக்கும் மோட்டார் ரூமுக்கும் வேண்டுமானால் அசைவுப் பதிவு போதும்.

நாலாவது, கடிகாரம். பல டிவிஆர்கள் பத்து நிமிஷம், அரை மணி தப்பாக ஓடுகின்றன. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் கரன்ட் போய் வரும்போது தேதியே மாறிவிடும். தேதி தப்பான பதிவை வைத்துக்கொண்டு எந்த வாதமும் செய்ய முடியாது. இன்டர்நெட்டோடு இணைத்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும்படி வைக்கலாம். இல்லையென்றால் மாதம் ஒரு முறை கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்.

ஐந்தாவது, பெட்டி இருக்கும் இடம். இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று பார்த்தவர்கள் நாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கமெல்லாம் மூழ்கியது. அப்படியும் தரைத் தளத்து வாட்ச்மேன் ரூமில் தரையோடு டிவிஆரை வைக்கிறோம். முதல் மாடிக்கு ஏற்றுங்கள், காற்று போக வர இடம் விடுங்கள், பூட்டுப் போட்ட கூண்டுக்குள் வையுங்கள். ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வேண்டும். கரன்ட் திடீரென்று போய் வருவது டிஸ்க்குக்கு ஆகாது. திருடனுக்கும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஆறாவது, எடுத்து வைப்பது. ஏதாவது சம்பவம் நடந்தால் அன்றைக்கே அந்த நேரத்துப் பதிவைத் தனியாக எடுத்துவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்றால் கரும்பலகை அழிந்துவிடும். பல டிவிஆர்களில் குறிப்பிட்ட பதிவை அழிக்காமல் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. திரையை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவது பதிவு எடுத்ததாகாது. பென்டிரைவில் மூல வடிவத்திலேயே எடுத்து, இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் வேண்டும். பதிவைக் கொடுப்பவர் ஒரு பகுதியும், நிபுணர் ஒரு பகுதியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதில் "ஹாஷ்" என்று ஒரு நீளமான எண் கேட்பார்கள். பதிவின் கட்டைவிரல் ரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடியை வெட்டினாலும் ரேகை மாறிவிடும். அந்த எண்ணைக் கணக்கிட நிபுணர் வருவார். அவருக்குக் கொடுக்க மூலப் பதிவு நம்மிடம் இருக்க வேண்டும், அதுதான் நம் வேலை.

ஏழாவது, ரிஜிஸ்டர். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் போய் மூன்று விஷயம் பார்த்து எழுத வேண்டும்: எல்லாக் கேமராவும் தெரிகிறதா, மணி சரியா, மிகப் பழைய பதிவு எந்தத் தேதியுடையது. மூன்றாவது கேள்விதான் முக்கியம். முப்பது நாள் இருக்க வேண்டியது பன்னிரண்டு நாளாகக் குறைந்திருந்தால் யாரோ ஏதோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது டிஸ்க் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். இதைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். ரிட்டயர் ஆனவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா?

இவ்வளவும் சொல்லிவிட்டு, நிறைய நாள் வைத்திருப்பதே நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ளாட் கேமராவில் இருப்பது நம்ம வீட்டுப் பெண்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்ற விவரம். அதை ஒரு வருஷம் சேர்த்து வைத்தால் வம்புக்குத்தான் உதவும். 2025 பிப்ரவரியில் குஜராத்தில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா பதிவுகள் திருடப்பட்டு இணையத்தில் விலைக்குப் போனதைப் படித்திருப்பீர்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அப்படியே விட்டுவைப்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது மாதிரி. டெக்னீஷியன் போனதும் மாற்றுங்கள். வங்கி ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். அதே மாதிரி பதிவை எடுக்க வேண்டுமென்றால் சங்கத்தில் இரண்டு பேர் சேர்ந்துதான் எடுக்கலாம் என்று வையுங்கள். யார் கேட்டார்கள், எதற்கு என்று அதே நோட்டில் எழுதுங்கள்.

ஆக, குடிமகனைப் பார்க்கும் கேமராவுக்கு முப்பது நாள் போதும். அதிகாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு 18 மாதம் வேண்டும். இரண்டும் தலைகீழாக நடந்தால் அது கண்காணிப்பு, பாதுகாப்பு ஆகாது.

உச்ச நீதிமன்றத்தின் அந்த 2020 தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் உள்ளேயும் வட்டார மொழியில் பெரிய போர்டு வைக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதாது. பதிவு குறைந்தபட்சம் இவ்வளவு காலம் இருக்கும், அது ஆறு மாதத்துக்குக் குறையாது, உரிமை மீறல் நடந்தால் அதைப் பத்திரப்படுத்தக் கேட்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்றும் எழுத வேண்டும். நம் தாம்பரம் கமிஷனரேட் 2022 ஜனவரியில் புதிதாகப் பிறந்தது. அதன் எல்லைக்குள் எந்த ஸ்டேஷனுக்காவது பாஸ்போர்ட் விசாரணைக்கோ வேறு எதற்கோ போனால் அந்த போர்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இல்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள். நரைத்த தலை கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் வாசல் போர்டையும் கொஞ்சம் திருத்தலாம். "சிசிடிவி கண்காணிப்பில் உள்ளது" என்பதோடு இன்னொரு வரி: "பதிவு 30 நாள் வைக்கப்படும்." அதை எழுதுவதற்கு முன் யாராவது ஒருவர் படி ஏறிப் போய் டிவிஆரைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். உங்கள் குடியிருப்பில் மிகப் பழைய பதிவு எந்தத் தேதி? பார்த்துவிட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு ஃப்ளாட்டாகக் கணக்கெடுத்தால் நம் ஏரியாவின் ஞாபக சக்தி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.